ஏழு ராஜவேலு

கட்டுரையில் குறையே இல்லையாம். பின்னால் இருக்கிற மேற்கோள் பட்டியலில்தான் குறையாம். பதினோரு மாதம் ஊறப்போட்டுவிட்டு ஆய்விதழ்க்காரர்கள் எழுதிய கடிதம் அப்படித்தான் சொன்னது. புத்தகப் பெயரைச் சாய்வெழுத்தில் போடவில்லை, பக்க எண்ணுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை. ஓர் ஒல்லாந்து, அதாவது டச்சு, குமாஸ்தாவின் நாட்குறிப்பைச் சொன்ன நான், அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. பேட்டி கொடுத்தவர்கள் பெயர் பட்டியலில் வரவேண்டும். அதைப் பார்த்து அவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

அனுப்பாவிட்டால் கட்டுரை தள்ளுபடி. கட்டுரை இல்லாமல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்க முடியாது. என் பதிவுக் காலமோ இந்த மாதத்தோடு முடிகிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். காற்புள்ளி தடுக்கி விழுந்த முதல் ஆளும் நானாகவே இருக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தின் வலைக் கொட்டகையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் வழிகாட்டி டாக்டர் ராஜவேலுவும் பொன்னேரியிலிருந்து காரில் வந்து ஃபேனுக்கு நேரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கட்டுரையை எழுதியது நான். முதல் பெயர் அவருடையது. அதுதான் வழக்கம் என்று சொல்லியிருந்தார். பதவி உயர்வுக்கு அவருக்கும் ஒரு கட்டுரை குறைந்தது. இல்லாவிட்டால் இந்த வெயிலில் அவர் ஏன் வருகிறார்?

கையெழுத்துப் போடவேண்டியவர்கள் மூன்று பேர். ஊர்ப் பெரியதனக்காரர் செங்கல்வராயன், அங்கமுத்து மாமா, கஸ்தூரியம்மாள் அத்தை. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையைச் சுற்றி எங்கெங்கே வலை கட்டினார்கள் என்பதுதான் கட்டுரை. அதில் இருபத்திரண்டு இடங்களின் பழைய பெயரைச் சொன்னது அத்தை.

நான் செய்த ஒரே தப்பு, பட்டியலைச் சத்தமாகப் படித்தது.

"ஒண்ணு, அங்கமுத்து."

"நிறுத்து," என்றார் செங்கல்வராயன். "அவன் எப்படி ஒண்ணு?"

"எழுத்து வரிசை, பெரிப்பா. அ முதல்ல வருது."

"யாரு போட்ட வரிசை? குலுக்கிப் போட்டதா?"

வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று என்று முறை வைப்போம். அதற்குப் பெயர் பாடு. போன வருஷம் அங்கமுத்து மாமா அடுத்தவர் பாட்டில் வலை வைத்து மாட்டிக்கொண்டார். இந்த வருஷம் எல்லா வரிசையிலும் அவர் கடைசி. அதுதான் தண்டம்.

"ஊரு கடைசில வெச்ச ஆள நீ பொஸ்தவத்துல முதல்ல வெப்பியா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசையா இன்னா?" என்றார் அங்கமுத்து மாமா. முகமெல்லாம் ஆசை.

ராஜவேலு சார் என் காதருகே குனிந்தார். "அவங்க சொல்ற மாதிரி இருக்கட்டும்மா. எண் வரிசை முறையையும் இதழ் ஒத்துக்கும். சீக்கிரம் முடி."

உண்மைதான். கட்டுரைக்குள் எது முதலில் வருகிறதோ அது ஒன்று, அடுத்தது இரண்டு. சீட்டு விழுகிற வரிசைக்கு நான் பத்திகளை நகர்த்தினால் போதும். போதும் என்று சொல்வது எளிது.

பட்டியலில் இருந்த பேர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுத ஆரம்பித்தோம். அத்தையின் பெயரை எழுதும்போது செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். "பொம்பளைங்களுக்குப் பாடு கெடையாதே."

"தாராளமா எடுத்துடு," என்றாள் அத்தை. "நான் சொன்ன இருவத்திரெண்டு பேரையும் எடுத்துடு. அப்பால வெறும் தண்ணிய அச்சடிச்சுக்கோ."

அவள் சீட்டும் பானையில் விழுந்தது.

ஒல்லாந்துக் குமாஸ்தாவிடம் அடுத்த சிக்கல்.

"ஆளு இருக்கானா?"

"செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு பெரிப்பா."

"செத்தவனுக்கு ஏது பாடு? அது அவன் வீட்டுக்குப் போவும். அவன் எழுதினது இப்ப யார் வீட்ல கீது?"

"எழும்பூர் ஆவணக் காப்பகத்துல."

"அப்ப அந்த வீட்டுப் பேர எழுது."

எழுதினேன். ஆய்விதழ் சிவப்பில் கோடு போட்டுக் கேட்டிருந்ததும் அதைத்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்லித்தர வேண்டியவர் ஃபேனுக்கு நேரே உட்கார்ந்து வறுத்த இறால் தின்றுகொண்டிருந்தார்.

சீட்டுகளை எண்ணிக்கொண்டே வந்த அத்தை நிமிர்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"லோகா, இதுல ஏழு ராஜவேலு கீறாங்களே. அண்ணன் தம்பிங்களா?"

சார் இறாலை வைத்துவிட்டார். "எல்லாம் நான்தாம்மா. ஏழும் வேற வேற கட்டுரை."

"ஏழு வலை வெச்சிருந்தாலும் ஆளு ஒண்ணுதானே சார்?" என்றார் செங்கல்வராயன். "ஆளுக்கு ஒரு பாடு."

"இது ஆராய்ச்சிங்க. ஏரி இல்ல."

"அப்ப கையெழுத்த ஆராய்ச்சிலயே வாங்கிக்கோங்க."

மணி பன்னிரண்டு. சார் என்னைப் பார்த்தார். எடுத்துச் சொல்லு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஐந்து வருஷமாக அவருக்காக எல்லாரிடமும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வேறு வந்துவிட்டது.

"அந்த ஏழுல ரெண்டு நான் எழுதினது பெரிப்பா. இவர் பேர் மட்டும்தான் போட்டாங்க."

ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். அவர் எழுந்து போனால் என் ஐந்து வருஷமும் போகும்.

முதலில் சிரித்தது அங்கமுத்து மாமா. "அட! அடுத்தவங்க பாட்டுல வலையா! தண்டம் கட்டிடுங்க சார். ஒண்ணியும் வலிக்காது. நானும் கடைசிதான், பழகிடும்."

"எதுல கடைசி?" என்றார் சார்.

செங்கல்வராயன் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "கட்டுரைக்கு மேல ரெண்டு பேர் கீதே, இன்னா அது?"

"எழுதினவங்க பேர்," என்றேன். "முதல்ல சார். அப்புறம் நான்."

"மாத்து."

"ஐயா, ஆசிரியர் வரிசை வேற, மேற்கோள் வரிசை வேற!" என்றார் சார்.

"எங்களுக்கு வரிசைன்னா வரிசைதான்."

சார் வெளியே போனார். காரைத் திறந்தார், மூடினார், யாருக்கோ போன் செய்தார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதவி உயர்வுக்குத் தேவை ஒரு கட்டுரை. இரண்டாவது பெயராக இருந்தாலும் அது கட்டுரைதான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சரி. போடு," என்றார்.

ஏழில் எதை வைப்பது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அதற்கும் சீட்டு. நான் எழுதிய இரண்டும் முதலிலேயே போயின; பட்டியலில் என் பெயரில் ஏற்கெனவே என் எம்.ஃபில். ஆய்வேடு இருந்தது, ஆளுக்கு ஒன்றுதான். மிச்ச ஐந்தில் அத்தை கைவிட்டு எடுத்தது, ஒரு கல்லூரி மலரில் சார் எழுதிய இரண்டு பக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் பானையைக் குலுக்கி முழுப் பட்டியலையும் எடுத்தோம். முதல் சீட்டு மழையளவு அறிக்கைக்கு விழுந்தது. அதனால் என் கட்டுரை இப்போது மழையில் தொடங்குகிறது. அத்தைக்கு நாலு. அங்கமுத்து மாமா தண்டப்படி கடைசி. முடிவுரை முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. நான் பத்திகளைத் தூக்கித் தூக்கி நட்டேன். இடையில் சாய்வெழுத்து, காற்புள்ளி. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். செங்கல்வராயன் மட்டும் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போட்டார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, முதல் பெயருக்கு இயந்திரம் எழுதுகிற பதில்தான்: அன்புள்ள லோகநாயகி, தங்கள் கட்டுரை கிடைத்தது. சார் என் தோளுக்குப் பின்னால் நின்று அதை இரண்டு தரம் படித்தார்.

"ஆய்வேட்டத் திங்கக்கிழமை கொண்டா. கையெழுத்துப் போடறேன்," என்றார். குரலில் அன்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

காரில் ஏறப்போனவர் நின்று செங்கல்வராயனிடம் திரும்பினார். "மத்த கட்டுரைங்கள்ல ஒண்ணையாவது சேர்த்திருக்கலாம். முக்கியமான ஆராய்ச்சிங்க அது."

"அதுக்கின்னா சார்," என்றார் அவர், கதவைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக. "அடுத்த வருஷம் குலுக்கறப்ப வாங்க."