நடுவானில் நின்ற கப்பல்

ருஷ்யாக்காரன் வானத்தில் பந்து விட்ட வருஷம் அது. கோவளத்தில் அதைப் பேசாத வாய் இல்லை. சௌகத் அலி இருந்திருந்தால் வாடகை சைக்கிள் கடையை இழுத்து மூடிவிட்டு அதையே பேசித் தீர்த்திருப்பான். பாவி மனிதன், கொஞ்சம் முன்னாலேயே விஷக்காய்ச்சலில் போய்விட்டான்.

அவன் மனைவி பதருன்னிசா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்தி, வாசல் தாண்டாமல் இருக்கும் காலம். துக்கம் கேட்க வந்த பெண்கள் உள்ளறையை எட்டிப் பார்த்தால், முக்காட்டுக்குள் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பாள். "புருசனுக்கோசரம் யாசீன் ஓதிக்கினே கீறா பாரு" என்று உருகிப் போவார்கள். இத்தாவில் இருப்பவள் வேறு எதைப் படிப்பாள்? குர்ஆன் என்றால் தாள் இடமிருந்து வலமாகப் புரளும்; இவள் எந்தப் பக்கமிருந்து புரட்டுகிறாள் என்று பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அவள் படித்தது செவ்வாய் கிரகத்து நாவல். செங்கல்பட்டு பஜாரில் பழைய புத்தகக் கடையிலிருந்து சௌகத் வாங்கி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஆகாயக் கப்பல்கள் சண்டை போடும். சாப்பாடு ஆனதும் அவன் உரக்கப் படிப்பான். செவ்வாய் ராஜாவுக்கு ஒரு குரல், தளபதிக்கு ஒரு குரல். அவன் அடிக்கும் கூத்தில் சிரித்துச் சிரித்து இவளுக்கு வயிறு புண்ணாகும். எரிபொருள் தீர்ந்து கப்பல் நடுவானில் நின்ற இடத்தில்தான் அவன் காய்ச்சலில் படுத்தான்.

படுக்கையிலும் அதே நினைப்பு. "அடுத்த பக்கம் மட்டும் படியேன் பதரு" என்று கெஞ்சினான். அவள் படிக்கவில்லை. "எழுந்து வந்து நீங்களே படிங்க" என்றாள். மிச்சக் கதையின் ஆசையாவது அவனைப் பிடித்து வைக்கும் என்று நம்பினாள். பைத்தியக்கார நம்பிக்கைதான். வைத்தியர் கைவிட்ட பிறகு வேறு எதை நம்புவாள்?

இப்போது அந்தப் பக்கம் வரை படிப்பாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்தத் தாளைப் புரட்ட மட்டும் கை வரவில்லை.

ஒரு மத்தியானம் மாமியார் ஷரீபுன்னிசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுத்து தெரியாதவள். பதருன்னிசா புத்தகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மறைக்காத. அது யாசீன் இல்லன்னு எனக்குத் தெரியும்."

பதருன்னிசாவுக்கு உயிரே போய்விட்டது.

"அந்தக் கப்பலு இன்னா ஆச்சு?" என்றாள் மாமியார்.

"மாமி?"

"செவுத்துக்கு அந்தாண்ட தெனம் கேட்டுக்கினுதான படுத்திருந்தேன். எண்ண தீந்து நடு வானத்துல நிக்குதே, அப்பால? படி."

பதருன்னிசா தாளைப் புரட்டினாள். ஒரு வால்நட்சத்திரம் அந்தப் பக்கமாக வந்ததாம். தளபதி கயிறு வீசிக் கப்பலை அதன் வாலில் கட்டினானாம். எல்லாரும் ஜம்மென்று ஊர் போய்ச் சேர்ந்தார்களாம். மூன்றே வரி.

மகனை அடக்கம் செய்த பிறகு ஷரீபுன்னிசா முதல்முறையாகச் சிரித்தாள். "தூ, இவ்ளோதானா! எம் புள்ள இதக் கேட்டிருந்தா உயுந்து உயுந்து சிரிச்சிருப்பான்."

"படின்னு கெஞ்சினாரு மாமி. நாந்தான் படிக்கல. தெரிஞ்சுக்கற ஆசையில எழுந்துடுவாருன்னு..."

மாமியாரின் சிரிப்பு நின்றது. மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பெத்தவ நானே ஒன் எடத்துல இருந்திருந்தாலும் படிச்சிருக்க மாட்டேன்டி."