அச்சு வரிசையில் ஒரு மணிவிழா மலர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பென் டிரைவில் மாட்டிக்கொண்டு வந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் இலக்கிய மன்றத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். (கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.) தஞ்சாவூரில் பஸ் ஏறிய பிறகுதான், பேச்சை அச்செடுக்க மறந்தது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் இறங்கியதும் கேட்டேன். "செவ்வந்தி மேடத்தப் பாருங்க" என்று சர்வர் அறைக்கு அனுப்பினார்கள். நான் போய் நின்ற நேரத்தில் அந்தக் கல்லூரியில் ஒரு தாள்கூட அச்சாகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரியில் தண்ணீர் வந்த அன்று, கல்லூரியில் காகிதம் வரவில்லை." நல்ல வரி. ஆனால் பொய். அது நவம்பர் மாதம். தண்ணீர் வந்து எவ்வளவோ நாளாகி, ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது.

இரண்டாவது தொடக்கம்: "செவ்வந்தி அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணீர் விசைப்பலகையின் மீது"

இதைப் பாதியில் நிறுத்தக் காரணம், செவ்வந்தியிடமே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படிக்கச் சொன்னதுதான். உடனே போன் வந்தது.

"அக்கா, நான் எப்பக்கா அழுதேன்? கெட்ட வார்த்தைதான் சொன்னேன். வேணும்னா அதைப் போட்டுக்குங்க."

போடவில்லை. என் வாசகர்களில் என் மாமியாரும் ஒருவர்.

2

செவ்வந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே கல்லூரியில் கணினிப் பயன்பாடு படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று ஊர் திரும்பியவள். குத்தகை நிலம், இரண்டு மாடு, கல்லூரியில் ஒப்பந்த வேலை. சிஸ்டம் அட்மின் என்பது பதவியின் பெயர். நடைமுறையில், யார் அறையில் எது ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மின்விசிறி உட்பட.

அவள் வருவதற்கு முன்னால் அங்கே ஆளுக்கொரு பிரிண்டர். ஒவ்வொன்றுக்கும் வேறு மை. அவள்தான் எல்லாவற்றையும் ஒரு சர்வரின் கீழ் கொண்டுவந்தாள். இனி எந்த அறையிலிருந்து அச்சிட்டாலும் வேலை முதலில் சர்வருக்குப் போகும். அது வரிசைப்படுத்தி, எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பும்.

*இந்த இடத்தில் ஓர் உவமை எழுதினேன்: சர்வர் என்பது மதகு, பிரிண்டர்கள் வயல்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல… செவ்வந்தி படித்துவிட்டு, "எதை எழுதினாலும் கடைசில வாய்க்கால்ல கொண்டுபோய் விட்டுடுறீங்கக்கா" என்றாள். அழித்துவிட்டேன். அழித்ததை உங்களிடம் சொல்லியும் விட்டேன்.*

அந்த வரிசையில் முன்னுரிமை என்று ஓர் எண் உண்டு. ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை. எண் பெரிதானால் வேலை முன்னால் போகும். இது துணை முதல்வர் இராஜாங்கத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"எனக்குத் தொண்ணூத்தொம்பது போட்டுடும்மா. அவசர சுற்றறிக்கையெல்லாம் என்கிட்டேருந்துதான் போவுது."

போட்டாள். மறுநாள் அலுவலகக் கண்காணிப்பாளர் மங்களாம்பிகை அம்மாள் வந்தார். "அவருக்கு மட்டும் என்ன தனியா? எனக்கும் அதையே போடு." அதற்குப் பிறகு நூலகம், விளையாட்டுத் துறை, விடுதி என்று வரிசையாக வந்தார்கள். செவ்வந்தி யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தொண்ணூற்றொன்பது போட்டாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

"எல்லாருக்கும் ஒரே நம்பர்னா யாருக்கும் இல்லேன்னுதானக்கா அர்த்தம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

3

நான் போன அன்று பல்கலைக்கழகத் தேர்வு தொடங்கும் நாள். ஹால் டிக்கெட்டுகள் இணையத்தில் தாமதமாகத்தான் வந்திருந்தன. காலையில் எல்லாவற்றையும் அச்சிட்டு, முதல்வரின் முத்திரையைக் குத்திக் கொடுக்க வேண்டும். தேர்வு நடத்த வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்தவர் கறாரான ஆள். "போன்ல காட்டுறதெல்லாம் செல்லாது. தாள் இருந்தா உள்ள, இல்லேன்னா வெளில."

தேர்வுப் பிரிவின் பெரிய வண்ண இயந்திரத்துக்குத்தான் ஹால் டிக்கெட்டுகளை அனுப்பியிருந்தார்கள். அது அசையவில்லை. செவ்வந்தி திரையில் வரிசையைத் திறந்தாள். முன்னால் ஒரே ஒரு வேலை, பாதியில் சிக்கி நின்றது. பின்னால் ஹால் டிக்கெட்டுகள். அவற்றுக்கும் பின்னால் கல்லூரியே நின்றது. என் பேச்சும் நின்றது, அவள்தான் அனுப்பியிருந்தாள்.

முன்னால் நின்ற ஆவணத்தின் பெயர்: மணிவிழா மலர் – இறுதி – இதுதான் இறுதி.

அனுப்பியவர்: துணை முதல்வர்.

இராஜாங்கத்துக்கு அறுபது நிறைகிறது. யாரும் வருமுன் வந்து, தன் அறையிலிருந்தே மலரை அனுப்பியிருக்கிறார். முழுக்க வண்ணப் படங்கள். அதை விழுங்க முடியாமல் இயந்திரம் திணறிவிட்டது. அதோடு சேர்ந்து சர்வரும் நின்றுவிட்டதால் மற்ற அறைகளின் பிரிண்டர்களும் ஓடவில்லை.

செவ்வந்தி அந்த வேலையை நீக்கப் பார்த்தாள். 'நீக்கப்படுகிறது' என்று வந்தது. அப்படியே நின்றது. இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். அப்போதும் 'நீக்கப்படுகிறது'.

(சர்வரை விட்டுவிட்டு, கணினியிலிருந்து பிரிண்டருக்கு நேராக ஒரு கேபிளைச் சொருகினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேபிள்கள் ஸ்டோர் ரூமில். சாவி ஸ்டோர் கீப்பரிடம். ஸ்டோர் கீப்பர் கும்பகோணத்தில், ஒரு கல்யாணப் பந்தியில். வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்காரரும் அதே கல்யாணத்தில்.)

வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆஷிகா என்ற பெண் அறைக்குள்ளேயே வந்துவிட்டாள். "மேடம், அதிராம்பட்டினத்துலேருந்து முதல் பஸ் புடிச்சு வந்திருக்கேன். இந்தப் பேப்பர் ஏற்கெனவே ஒருதடவை போயிடுச்சு. இந்தத் தடவையும் எழுதலேன்னா வீட்ல படிப்பையே நிறுத்திடுவாங்க."

4

இனி ஒரே வழிதான் இருந்தது. சர்வரில் அச்சு வேலைகளைக் கையாளும் சேவையையே (ஸ்பூலர் என்பார்கள்) நிறுத்தி, காத்திருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மறுபடி தொடங்குவது. ஒருவருடையதை மட்டும் எடுக்க முடியாது. எல்லோருடையதும் போகும்.

"அக்கா, உங்க பேச்சும் போயிடும். பரவால்லயா?"

"என்கிட்ட கேட்டியே, அதுவே பெரிசு."

அவள் சேவையை நிறுத்தியபோது இராஜாங்கம் வாசலில் நின்றார்.

"என்ன பண்றே?"

"ஸ்பூலரத் துடைக்கிறேன் சார். உங்க மலர் சிக்கிக்கிச்சு."

"மலரா? அழிச்சிடுவியா? நாலு மாச வேலைம்மா அது! கைய எடு!"

"சார், அது உங்க கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருக்கும். இங்கேருந்து…"

"கைய எடுன்னு சொல்றேன்ல! உன்னோட நிரந்தரப் பணி ஃபைல் என் மேசைலதான் இருக்கு, தெரியுமில்ல?"

ஆஷிகா செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி திரையைப் பார்த்தாள். நான், வெட்கமில்லாமல், இதை எப்படி எழுதலாம் என்று யோசித்தேன்.

"தெரியும் சார்" என்றாள் செவ்வந்தி. துடைத்தாள்.

5

இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இராஜாங்கத்தின் மேல் அல்ல, என் மேல். முதல் பிரதியில் அவரை முழுக் கோமாளியாக எழுதியிருந்தேன். மீசைக்கு மை பூசியிருந்தேன். (அவருக்கு மீசையே இல்லை.) கதை எழுதுகிறேன் என்று தெரிந்து அவரே போன் செய்தார்.

"மேடம், என்னையும் போடுறீங்களாமே?"

"ஆமா சார்."

"என் பக்கத்தையும் போடுங்க. முடிஞ்சா முதல்ல போடுங்க."

கதையிலும் முன்னுரிமை! ஐந்தாம் பகுதிதான் காலியாக இருக்கிறது என்றேன். சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்:

"மலர்ல முதல் பக்கம் யார்னு நினைக்கிறீங்க? நான் இல்ல. எங்கப்பா இளையபெருமாள். பண்ணையில ஆளா இருந்தவரு. அவர் பேர் எங்கயும் அச்சுல வந்ததில்ல மேடம், ஓட்டர் லிஸ்டத் தவிர. அன்னிக்கு அவர் படம் பாதி வந்து மிஷின்ல நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு அழிக்கிறேன்னதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஃபைலப் பத்திச் சொன்னது தப்புதான். அதை எழுதாம விட்டுடுங்களேன்."

எழுதிவிட்டேன் சார். மன்னிக்கவும். மீசையை மட்டும் எடுத்துவிட்டேன்.

6

சேவை மறுபடி ஓடியது. செவ்வந்தி காலை வணக்கப் பாட்டு போடும் மைக்கைப் பிடித்தாள். "எல்லாரும் அனுப்பினது போயிடுச்சு. ஹால் டிக்கெட் முடியுற வரைக்கும் யாரும் எதுவும் அனுப்பாதீங்க. அனுப்புனா யாருன்னு எனக்குத் தெரியும்!"

தேர்வுப் பிரிவு ஹால் டிக்கெட்டுகளை மறுபடி அனுப்ப, இயந்திரம் கனைத்துக்கொண்டு தாள்களைத் துப்பத் தொடங்கியது. மங்களாம்பிகை அம்மாள் முத்திரை குத்தினார். கொடுக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு தாளையும் பார்த்துப் பெயரைத் தேடுவதற்குள் மணியடித்துவிடும் என்று பட்டது.

அப்போது இராஜாங்கம் சட்டைக் கையை மடித்தார். தாளைப் பார்ப்பார், கூட்டத்தைப் பார்ப்பார், குரல் கொடுப்பார். "பரிதி! தூணுக்குப் பின்னால என்ன பண்றே, வா. தமிழ்நிலா, ஓடு, அம்மாப்பேட்டை பஸ் லேட்டா? ஆஷிகா, ஆஷிகா எங்க?" அவருக்கு எல்லோருடைய முகமும் தெரிந்திருந்தது. நான் வாய் பிளந்து பார்த்தேன். கடைசிப் பிள்ளையும் மணியடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

ஆஷிகா தேறிவிட்டாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை.

நான் தாளில்லாமல் பேசினேன். வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்ததாக மன்றத் தலைவர் நன்றியுரையில் இரண்டு முறை பாராட்டினார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். நானும் முடித்திருந்தேன். அடுத்த வாரம் செவ்வந்தி கூப்பிட்டாள்.

"அக்கா, க்யூல ஒண்ணு நிக்குது."

"என்னது?"

"எனக்கு மெமோ. 'அனுமதியின்றி அச்சுப்பணிகளை நீக்கியமைக்கு விளக்கம் கோருதல்.' சார் அனுப்பிருக்காரு. மிஷின்ல தாள் தீந்துடுச்சு, அதான் நிக்குது. அழிக்கட்டா?"

அழி என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கதைக்கு அது நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவளே, "வேணாங்க்கா, அன்னிக்கு எல்லாரோடதையும் துடைச்சேன். இது ஒருத்தரோடது" என்றாள். போய்த் தாள் நிரப்பினாள். மெமோ வந்தது. அதைத் தானே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க மெமோ. கையெழுத்து போடாம அச்சு மட்டும் எடுத்திருக்கீங்க. போட்டுக் குடுத்தீங்கன்னா வாங்கிக்கிறேன்."

இராஜாங்கம் அவளைப் பார்த்தார். மெமோவைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மேசையில் அவளுடைய நிரந்தரப் பணி ஃபைலும் திறந்துதான் கிடந்தது. அதற்கும் அவர் கையெழுத்து வேண்டும்.

அவர் எதில் போட்டார் என்று செவ்வந்தி ஒன்று சொன்னாள். அவர் போனில் வேறொன்று சொன்னார். இருவருமே தாங்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் சத்தியம் செய்துவிட்டேன்.

ஆகவே பேனா திறந்தபடியே இருக்கிறது. மை காய்வதற்குள் நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள்.