தொட்டால் போதும்

மலாயாவில், உலு திராமில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இருந்தவள் வெள்ளையம்மா. ஜப்பான்காரன் வந்த மறுவருடம், விறகுக்கட்டைச் சுமந்துகொண்டு காவல் சாவடியைத் தாண்டியபோது அவள் குனிந்து வணங்கவில்லை. சிப்பாய் இடது காதைச் சேர்த்து அறைந்தான்.

காதில் வழிந்த ரத்தம் இரண்டு நாளில் நின்றது. தலைசுற்றல் நிற்கவில்லை. படுத்தால் கூரை சுழன்றது. எழுந்தால் இடப்பக்கம் சாய்ந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் மனோகரன் வந்து பார்த்தார்.

"அடி உள்காது வரைக்கும் போயிருக்கும்மா. நம்மள நேரா நிறுத்துறதுல பாதி வேலை அங்கதான் நடக்குது. மிச்சத்த கண்ணும் காலும் பாத்துக்கும். மருந்து இல்ல. படுத்தே கெடக்காதீங்க, நடங்க."

நடந்தாள். முதல் வாரம் நாலடிக்கு ஒரு வாந்தி. மாதம் திரும்புவதற்குள் வெளிச்சத்தில் தடுமாறாமல் நடந்தாள். கண்ணை மூடினால்தான் விழுந்தாள்.

ஒருநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் சீயக்காய் பட்டது. கண்ணை இறுக்க மூடினாள், உடம்பு சரிந்தது. அப்போது ஒரு விரல்நுனி பலகைச் சுவரில் பட்டது. பிடிக்கவில்லை, பட்டதோடு சரி. உடம்பு நேராகிவிட்டது. விரலை எடுத்தாள், சாய்ந்தது. வைத்தாள், நின்றது. பத்துத் தரம் செய்து பார்த்து, ஈரத்தலையோடு தனியே சிரித்தாள்.

வேலைக்கு வராதவர்களுக்கு இனி அரிசி இல்லை என்று தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள். வேலை, ஓடைக்கு அக்கரையில் மரவள்ளிக்கிழங்கு தோண்டிச் சுமப்பது. ஓடையின் குறுக்கே பாலமாகப் போட்ட ஒற்றை மரம். அதை ஒட்டி இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிய ஒரு பிரம்புக்கொடி.

நாத்தனார் செல்லம் கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி. அந்தக் கொடி ஆளத் தாங்காது."

"தாங்க வேணாம்டி. எது நேருன்னு சொன்னா போதும்."

போகும்போது சுலபமாக இருந்தது. கிழங்குக் கூடையோடு திரும்பும்போது, நடுவில் தெரியாமல் குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டாள். ஓடையோடு மரமும் ஓடுவதுபோல் இருந்தது. உடம்பு சாய்ந்தது. முன்னே கரையேறிவிட்ட செல்லம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளையம்மா அவசரப்படவில்லை. கண்ணை நிமிர்த்திக் கரையில் நின்ற தென்னையின் அடியைப் பார்த்தாள். விரலைக் கொடியில் மெல்ல வைத்தாள். உள்ளங்கால் மரத்தில் பதியும் வரை நின்றாள். பிறகு நடந்தாள்.

"உசுரே போயிடுச்சு அண்ணி!"

"எனக்குப் போகல. வா, இன்னும் கெழங்கு கெடக்கு."

மத்தியானத்துக்குள் நாலு நடை சுமந்தாள். அந்த வார அரிசி அவள் பெயருக்கு முழுசாகக் கிடைத்தது.