செம்மண் கயிறு

எழுபத்து நாலாம் வருஷம் செய்யூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பால் சங்கத்தில் இரண்டு முறை கூட்டம் போட்டும் நடக்கவில்லை. பாதிப்பேராவது வந்து உட்கார்ந்தால்தான் தீர்மானம் செல்லும். உறுப்பினர்களோ சங்கத்துக்கு எதிரே, நூர்முகமதுவின் டீக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். சம்பூர்ணத்தை உறுப்பினராகச் சேர்ப்பதா, வேண்டாமா? புருஷன் இருந்தவரை அவன் பெயரில் பால் ஊற்றினாள். கறந்தது அப்போதும் அவள்தான். அவன் போனபின், "மெம்பருங்க பாலே வழியுதும்மா" என்று செயலாளர் ஜானகிராமன் அடிக்கடி கேனைத் திருப்பி அனுப்பினார். இந்த முறையும் கூட்டம் நடக்காவிட்டால் பசுவை விற்க வேண்டியதுதான்.

மகள் வசந்தா அந்தப் பசுவைப் பார்த்துக்கொள்ளவே எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் எதிரே வாய் திறக்கமாட்டாள், பேச்செல்லாம் பசுவோடுதான். கூட்டத்தன்று காலை அதைக் குளிப்பாட்டியபடி அவள் சொல்லிக்கொண்டிருந்த, பள்ளியில் படித்த கயிற்றுக் கதை அம்மாவின் காதில் விழுந்தது.

"இன்னாடி கயிறு அது?"

வசந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏதென்ஸ்னு ஒரு ஊரும்மா, கிரேக்க நாட்டுல. அந்தக் காலத்துலயே ஜனங்களே கூட்டம் போட்டு எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க. ஆனா பாதிப்பேரு கடைத்தெருவுல கதை பேசிக்கினு நிப்பானுங்க. செவப்புச் சாயத்துல நனைச்ச கயித்த ரெண்டு பக்கமும் புடிச்சு, அவங்கள ஆட்ட ஓட்டுற மாதிரி கூட்டத்துக்கு ஓட்டிக்கினு போவாங்க. துணியில சாயம் பட்டா அபராதம்."

"பொம்பளைங்களும் கூட்டத்துக்குப் போவாங்களா?"

"ஊஹூம். பொம்பளைங்களுக்கும் அடிமைங்களுக்கும் உரிமையே கெடையாது. ஆனா கயித்தப் புடிச்சவங்க அந்த அடிமைங்கதாம்மா."

சம்பூர்ணம் சிரித்த சிரிப்பில் பசு திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம், கோலத்துக்குக் கரைக்கும் செம்மண் ஒரு வாளி நிறையக் கரைந்தது. அதில் கிணற்றுக் கயிறு ஊறியது. ஒரு முனையைப் பக்கத்து வீட்டு ஆராயி பிடித்தாள். "கதை சொன்னவ நீதான, புடி" என்று மறுமுனையை மகளின் கையில் திணித்தாள் சம்பூர்ணம்.

நூர்முகமதுதான் முதலில் பார்த்தார். டீ கிளாசுகளை வாரிக்கொண்டு, "அண்ணாத்த, எழுந்திருங்க! வேட்டி போச்சு!" என்று கத்தினார்.

"இன்னா கூத்து இது?" என்று எழுந்தார் செங்கல்வராயன், ஆராயியின் புருஷன்.

"கறை பட்ட வேட்டிய இந்த ஊருல எவளும் துவைக்கமாட்டா. ஓடுய்யா!" என்றாள் ஆராயி.

சீட்டுகள் பறந்தன. ஞாயிற்றுக்கிழமை வெளுப்பு வேட்டிகள் முழங்காலுக்கு மேலே ஏறின. தப்பிக்க இருந்த ஒரே திறந்த கதவு சங்கத்துக் கதவு. "சீக்கிரம் மாமா, சீக்கிரம்!" என்று யாரோ கூவினார்கள். அது தன் குரல்தான் என்று வசந்தாவுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

உள்ளே உட்கார பெஞ்சு போதவில்லை. ஜானகிராமன் தீர்மானத்தைப் படித்தார். ஜன்னலுக்கு வெளியே கயிறு சொட்டிக்கொண்டிருந்தது.

"சேத்துக்கய்யா" என்று முதலில் கை தூக்கினார் செங்கல்வராயன். அவர் வேட்டியின் பின்பக்கம் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "சம்பூர்ணம் உள்ள வந்துட்டா, கயித்தோட வர ஒரு ஆளாவது கொறையும்." சிரிப்போடு மற்றக் கைகளும் எழுந்தன.

அடுத்த மாதக் கூட்டத்தன்றும் வசந்தா கயிற்றோடு வந்தாள். இந்த முறை யாரும் அவள் கையில் திணிக்கவில்லை. ஆண்கள் தூரத்தில் பார்த்தே சங்கத்துக்குள் ஓடிவிட்டார்கள். சம்பூர்ணம் மட்டும் சந்தன நிறப் புதுப்புடவையில், டீக்கடை வாசலில் சாவகாசமாக நின்றாள்.

"அம்மா, நகரும்மா! பொடவ பாழாயிடும்!"

"நான் மெம்பருடி" என்றாள் சம்பூர்ணம். கயிறு வந்து தொடும்வரை அசையவில்லை. பிறகு கோடு விழுந்த கொசுவத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.