தெல்மா ஏரிக்குப் போன ஆம்புலன்ஸ்

மூளைக்காய்ச்சலில் ஆர்டிஸுக்கு இரண்டு காதும் போனபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை மினசோட்டாவின் வடகோடியில், ஷெரிப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுத்து வண்டி அனுப்பும் வேலை. பனிப்புயலிலும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்த டிரைவர்கள் உண்டு.

வேலைதான் போனது, பேச்சு போகவில்லை. பழகிய தடத்தில் நாக்கு தானாக ஓடியது. ஆனால் டுலூத் நகரத்து டாக்டர் அவள் கணவன் லைலைத் தனியாக அழைத்து எச்சரித்தார்.

"நாம பேசறப்போ காதுதான் நாக்கைத் திருத்திக்கிட்டே இருக்கு. இப்ப திருத்த ஆள் இல்ல. பேச்சு மெல்ல வழுக்கும். பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

இருக்கிற துக்கமே அவளுக்குப் போதும் என்று லைல் அதைச் சொல்லவே இல்லை.

மறுவருஷம் வழுக்கியது. 'ச' எல்லாம் 'த' ஆனது. கடையில் கத்திப் பேசினாள். கல்லாவில் இருந்தவள் லைலின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"லைல், என் பேச்சு கோணலாயிடுச்சா? உண்மையைச் சொல்லு."

அவள் உதட்டைப் படிக்கட்டும் என்று நிதானமாகச் சொன்னான்: "உன் வாய்க்கென்ன? என்னைத் திட்டறதுக்கு இன்னும் முப்பது வருஷம் தாங்கும்." அவள் சிரித்தாள், நம்பினாள்.

ஜனவரியில் ஒரு பிற்பகல், செல்மா ஏரிக்கரையில் இருந்த தங்கள் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த லைல் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். சுற்றிலும் கோடை வீடுகள், எல்லாம் பூட்டு. அவனை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். எதிர்முனை கேட்காது. ஆனால் தெரிந்த தொழில்தானே: இடத்தை முதலில் சொல், திரும்பத் திரும்பச் சொல்.

"செல்மா ஏரி! தெற்குக் கரை! மாரடைப்பு!"

தெளிவாகச் சொல்வதாகவே நினைத்தாள்.

எடுத்தவள் டெலோரிஸ், ஆர்டிஸின் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவள். குரல் அடையாளம் தெரியவில்லை. அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வசதியும் அப்போது அங்கே இல்லை.

"யாரோ நல்லா குடிச்சிருக்கா. கேட்டதுக்குப் பதிலே இல்ல. தெல்மா ஏரின்னு கத்தறா," என்றாள் அருகில் இருந்தவரிடம்.

தெல்மா ஏரி எதிர்த்திசையில் இருந்தது. வண்டி அங்கே போய், ஆளில்லாத வீடுகளைத் தட்டிவிட்டுத் திரும்பியது. ஆர்டிஸ் லைலின் நெஞ்சை அழுத்திக்கொண்டே ஜன்னலைப் பார்த்திருந்தாள். கைக்கடியில் உடம்பு குளிர்ந்தது.

அடக்கத்துக்குப் பிறகு டெலோரிஸ் வந்து நடந்ததை எல்லாம் அழுதபடி சொன்னாள். ஆர்டிஸ் தன் மகள் ரோண்டாவிடம் திரும்பினாள்.

"எத்தனை நாளா இப்படிப் பேசறேன்?"

"ஒரு வருஷத்துக்கு மேல, அம்மா. சொல்லக் கூடாதுன்னு அப்பாதான்..."

ஆர்டிஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ரோண்டாவுக்கு அது விளங்கவில்லை. மறுபடி கேட்கத் துணிவு வரவில்லை.

பனி உருகியதும் ஆர்டிஸ் மகள் வீட்டிலிருந்து தானே வண்டி ஓட்டி டுலூத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். உள்ளங்கையை வாயெதிரே வைத்து, 'ச' சொல்லும்போது வரும் மூச்சின் குளிர்ச்சியை அறிந்தாள். நாக்கு பல்லுக்குப் பின்னால் எங்கே நிற்கிறது என்று தொடுஉணர்வாலேயே கற்றாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக, விறைப்பாகத் திரும்பின. கோடைக்குள் முன்பின் தெரியாதவர்களுக்கும் அவள் பேச்சு புரிந்தது.

ஏரிக்கரை வீட்டை விற்றுவிடச் சொன்னாள் ரோண்டா. ஆர்டிஸ் விற்கவில்லை, அங்கே போகவும் இல்லை.