'ம்' சொல்ல ஓர் ஆள்

கேள்வி திரையில் வந்து நின்றது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே நொடிகள் குறைந்துகொண்டே வந்தன.

சுகுணா டிரங்குப் பெட்டிமேல் அரிசி டப்பாவை வைத்து, அதில் செல்போனைச் சாய்த்திருந்தாள். இன்டர்வியூ என்றால் எதிரே ஒருவர் இருப்பார் என்றுதான் அவள் மனம் அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்று தோழி கோகிலா சொல்லியும் கேட்கவில்லை. இப்போது திரையில் இருந்தது அவளுடைய முகமே. எண்ணெய் வைத்து வாரிய தலை, நல்லதென்று எடுத்துக் கட்டிய நீலப் புடவை, கொஞ்சம் பயந்த கண்கள். அந்தக் கண்கள் அவளையே பார்த்து, 'ம், பேசு பார்க்கலாம்' என்பதுபோல் நின்றன.

"வணக்கங்க. என் பேரு சுகுணா. கொல்லிமலை, வாழவந்தி நாடு" என்றாள். அத்தோடு நிறுத்தினாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"சேந்தமங்கலத்துல பைப் கடையில ரெண்டு வருசம் கவுண்டர்ல இருந்தேனுங்க." மறுபடியும் நிறுத்தினாள். வெளியே சேவல் ஒன்று கூவி அடங்கியது. "கேக்குதுங்களா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் அவளுக்கே உறைத்தது. யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவள் குரல்போல இருந்தது.

நேரம் முடிந்துவிட்டது. அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் இப்படித்தான். எல்லாம் முடிந்தபோது, 'முழுப் பதிவையும் ஒரே ஒரு முறை மீண்டும் செய்யலாம்' என்று திரை சொன்னது. அனுப்புவதற்கு இன்று சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்.

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. அழுகை இல்லை அது, அவமானம். யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் எப்படி அவமானம் வரும் என்று யோசித்தாள். ஆள் இல்லாததுதான் அவமானம் என்று தோன்றியது. வேலை கேட்டு வந்தவளை உட்காரச் சொல்லி, எதிர் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுப் போனது போல.

போன மாதம் இதே மாதிரி ஒன்றில் பேசிய கோகிலா, திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து போன் செய்து சிரித்திருந்தாள். "பேசி முடிச்சதும் பழக்கதோசத்துல 'வாரேனுங்க'ன்னு சொல்லி போனக் கும்பிட்டுட்டேன்டி. அதுவும் அந்த வீடியோவுல இருக்குது. எந்தப் பெரிய மனுசன் பாத்தானோ." அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லை.

சுகுணாவுக்கு இந்த வேலை வேண்டும். சொட்டுநீர்க் குழாயும் மோட்டாரும் விற்கிற கோயம்புத்தூர் கம்பெனி அது. போன் செய்கிற விவசாயிகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லலாம். அவர்கள் வீடு டவருக்கு எதிர்ச் சரிவில் இருந்ததால் சிக்னலும் நன்றாகக் கிடைத்தது. இது கிடைக்காவிட்டால் திருப்பூர் ஹாஸ்டலில் கோகிலாவுக்குப் பக்கத்துக் கட்டிலுக்குப் போகவேண்டியதுதான். அப்பா போன பிறகு இந்த மலையில் அம்மாவுக்கு அவளும், அவளுக்கு அம்மாவும்தான்.

அம்மா பொன்னம்மாள் வாசலில் மிளகுக் கதிரை மிதித்துக்கொண்டிருந்தவள், வாசற்படியில் வந்து நின்றாள். பாதம் இரண்டும் கறுத்துப்போயிருந்தன.

"ஏங்கண்ணு, பேச்ச நடுவுல நடுவுல நிறுத்தற? மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. 'ம்' சொல்ல ஆளில்ல."

அம்மா போனையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். "எதுத்தாப்ல ஆளில்லாம பேசறதுக்கு நம்மூருல வேற பேரு, சாமி. பேயோட்டற கோடங்கிகிட்டக் கூட்டிட்டுப் போவாங்க."

சுகுணா சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் அதுதான். இந்த மலையில் ஒற்றையடிப் பாதைகளில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தலையில் சுமை இருந்தால் முன்னால் போகிறவர் திரும்பியும் பார்க்கமாட்டார். பேசிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் 'ம்' சொல்லிக்கொண்டே வரவேண்டும். அந்த 'ம்'முக்குக் கேட்கிறேன் என்று மட்டும் அர்த்தமில்லை. வழுக்கி விழவில்லை, பின்தங்கவில்லை, உன் பின்னால்தான் இருக்கிறேன் என்றும் அர்த்தம். 'ம்' வராவிட்டால் முன்னால் போகிறவர் நின்றுவிடுவார். சுகுணா பேசக் கற்றதே அம்மாவின் முதுகைப் பார்த்து 'ம்' சொல்லித்தான். நின்று நின்று பேசியதை அவள் பயம் என்று நினைத்திருந்தாள். அது பயமில்லை, நடைப்பழக்கம்.

"நான் உக்காரட்டுமா?" என்றாள் அம்மா.

"ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதும்மா."

"நான் எங்க ரூம்ல இருக்கேன்? வாசப்படில இருக்கேன்."

"வாயத் தொறக்கக் கூடாது. தலைய மட்டும் ஆட்டு."

"ஆட்டறேன் போ. பெருமாள் மாடாட்டம் ஆட்டறேன்."

சுகுணா பெட்டியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். இப்போது போனுக்கு நேர் பின்னால் அம்மா முகம். திரையில் இருந்த தன் முகத்தின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை எச்சில் தொட்டு ஒட்டினாள். கேமராவின் சின்ன வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது. பொத்தானை அழுத்தினாள்.

முதல் கேள்விக்கு நிற்காமல் பேசினாள். இரண்டாவதற்கும் பேசினாள். மூன்றாவதாக, 'கோபமாக வந்த வாடிக்கையாளர் ஒருவரை நீங்கள் சமாளித்ததைச் சொல்லுங்கள்' என்று வந்தது.

"பைப் கடையில இருந்தப்ப முள்ளுக்குறிச்சியில இருந்து ஒருத்தர் வந்தாருங்க. மருந்தடிக்கிற மெசின் ஓடலைன்னு மூணாவது தடவையா வர்றாரு. வந்ததும் மெசினத் தூக்கி கவுண்டர் மேல போட்டாரு. கண்ணாடியில கீறல் விழுந்துபோச்சு."

அம்மா தலையை ஆட்டினாள்.

"கடைப்பசங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. நான் மட்டும் நின்னேன். அவரு பேசப் பேச நான் 'ம்' சொன்னேனுங்க. வேற ஒண்ணும் சொல்லல. முதல்ல மெசினத் திட்டினாரு. அப்பறம் கடையத் திட்டினாரு. அப்பறம் என்னையும் திட்டினாரு."

"ம்" என்றாள் அம்மா.

சுகுணாவுக்குக் கேட்டது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்த ஒற்றை எழுத்து வந்ததுமே அவளுக்குக் கால் பாதையில் ஊன்றிவிட்டது.

"கடைசில பாத்தா, அவரு கோவம் மெசின் மேல இல்லீங்க. மொத ரெண்டு தடவ வந்தப்பவும் கவுண்டர்ல இருந்த பசங்க யாரும் செல்போன்ல இருந்து தலையத் தூக்கலையாம். 'அங்க வெச்சிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டாங்களாம். என்னை மனுசனாப் பாக்கலியே கண்ணு, அப்படின்னாரு."

"பாவம்" என்றாள் அம்மா. பொறுக்கமாட்டாமல், "அப்பறம்?" என்றும் கேட்டுவிட்டாள்.

"அப்பறம் தண்ணி கேட்டாருங்க. குடுத்தேன். மெசினப் பிரிச்சுப் பாத்து மாத்திக் குடுக்கச் சொன்னேன். போறப்ப அந்தக் கீறலத் தடவிப் பாத்துட்டுப் போனாரு."

சிவப்புப் புள்ளி அணைந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கறுப்புப் பாதங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தாள்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். 'ம்', 'பாவம்', 'அப்பறம்' எல்லாம் தெளிவாக இருந்தன. மறுபடி பதிவு செய்யவும் முடியாது.

"நானே கெடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

சுகுணா இன்னொரு முறை ஓடவிட்டாள். திரையில் இருந்தவளை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. காலையில் பார்த்த பயந்த கண்கள் இல்லை. கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, தன் பேச்சில் தானே நடந்து போகிற ஒருத்தி. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் தனக்குள் இருந்திருக்கிறாள் என்று அவளுக்குக் கர்வமாகக்கூட இருந்தது. வேலை கிடைக்காமல் போனாலும் போகட்டும், கோயம்புத்தூருக்குப் போவது இவளாகவே இருக்கட்டும் என்று நினைத்து அனுப்பினாள்.

சில நாள் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், மிளகு மூட்டையோடு அம்மா முன்னால் போக, சுகுணா பின்னால் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சுகுணாங்களா? நான் ராதிகா பேசறேன், கோயம்புத்தூர்ல இருந்து. உங்க இன்டர்வியூ வீடியோ விசயமா." இளம் குரல். "பதில் நல்லா இருந்துச்சு. ஆனா பின்னாடி ஒரு குரல் கேக்குதுன்னு சிஸ்டம் நிறுத்தி வெச்சிருக்கு. யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி. அது... டிவி ஓடிட்டிருந்துச்சுங்களா? டிவின்னா அப்படியே எழுதி முடிச்சிருவேன்."

சுகுணா நின்றாள். அந்தப் பெண் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது புரிந்தது. 'ஆமாங்க' என்றால் போதும். யாருக்கும் நட்டமில்லை. சொல்லத் தோதாக வாயும் திறந்தது.

முன்னால் போன அம்மா நின்றுவிட்டாள். ஏதோ பேசிக்கொண்டு போனவள், பின்னாலிருந்து 'ம்' வராததால் நின்றிருக்கிறாள். மூட்டை தலையில் இருந்ததால் திரும்பவில்லை. முதுகு மட்டும் காத்துக்கொண்டிருந்தது. இந்த முதுகையா டிவி என்று சொல்வது.

"டிவி இல்லீங்க" என்றாள் சுகுணா. "எங்கம்மா."

அவளே மேலும் சொன்னாள்.

"வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு படிச்சுட்டுத்தான் உக்கார வெச்சேனுங்க. பதில் எதுவும் அவங்க சொல்லிக் குடுக்கல. ஆளில்லாத எடத்துல எனக்குப் பேச வராதுங்க. எங்க பக்கம் யாருக்கும் வராது. ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் 'ம்' சொல்லணும். உங்க வேலையே அதானுங்களே? போன் பண்றவரு பேசுறப்ப இந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குதுன்னு தெரியணும். எங்கம்மா செஞ்சது அதுதாங்க. தப்புன்னா தப்புன்னே எழுதிக்கோங்க. டிவின்னு மட்டும் எழுத வேண்டாங்க."

காற்றில் மிளகுக்கொடி உரசும் சத்தம் மட்டும்.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"ம்" என்றாள் ராதிகா. கொஞ்சம் கழித்து, "இருக்கேன். சொல்லுங்க" என்றாள்.

சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனாலும் சுகுணாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இத நான் முடிவு பண்ண முடியாது. நீங்க சொன்னத அப்படியே எழுதி மேல அனுப்பறேன்" என்றாள் ராதிகா. "நாளைக்குக் காலைல நேரா வீடியோவுல பேசலாமுங்களா? இந்தத் தடவ எதிர்ல நான் இருப்பேன்."

"பேசலாமுங்க. அப்ப நானும் உங்களக் கேள்வி கேக்கலாமுங்களா?"

ராதிகா சிரித்தாள். "கேளுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

பின்னால் வேலை கிடைத்தது. அதைப் பற்றி ஊரில் யார் விசாரித்தாலும் சுகுணா வேலை ஆர்டர் வந்த நாளைச் சொல்வதில்லை, இந்த மத்தியானத்தைத்தான் சொல்வாள்.

அன்று பேசி முடித்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"யாரு கண்ணு? என்னைப் பத்தியா பேசுன?"

"உன்னைப் பத்தித்தான். கோயம்புத்தூர்ல உன் குரலக் கேட்டிருக்காங்க."

அம்மா மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினாள். பிறகு, முகம் தெரியாவிட்டாலும் குரலில் தெரிந்த ஒரு மிடுக்கோடு, "நல்லாக் கேட்டுதாமா?" என்றாள்.

"ம்" என்றாள் சுகுணா.