பூங்காவை எடுத்த கதை

எங்கள் குடியிருப்பில் என்னைவிட நன்றாகப் படம் எடுப்பவர் கிடையாது. போன மழையில் தெருமுனைக் குட்டை ஒன்றை எடுத்து, பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். அன்றிலிருந்து அந்தச் சுவரில் ஓதம் இறங்குகிறது. என் வீட்டுக்காரி படத்துக்குக் கீழே இன்றைக்கும் ஒரு வாளி வைத்திருக்கிறாள். நம்பாதவர்கள் வந்து வாளியைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட எனக்குப் போட்டியாக ஒரு பூனை வந்தது. பூனை என் சம்பந்தியினுடையது. அவர் அது தூங்கும்போது எடுப்பார், விழித்ததும் எடுப்பார், மறுபடி தூங்கப் போகையில் விடாமல் எடுப்பார். அவருடைய மகள், அதாவது என் மருமகள், குடியிருப்பு நூலகத்தை நடத்துகிறாள். வாசலுக்கு நேர் எதிரே புதிதாக வெள்ளையடித்த சுவர் ஒன்று காலியாக இருந்தது. அதில் யார் படம் தொங்குவது என்பதுதான் கேள்வி.

என் படங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்தாள்.

"மாமா, தெரு இருக்கு, மரம் இருக்கு, பெஞ்ச் இருக்கு. ஆளு எங்க?"

"குறுக்கே வந்தாங்க. தள்ளிப் போகச் சொல்லிட்டேன்."

"ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு. சனிக்கிழமைக்குள்ள ஆளுங்க இருக்கிற படம் ஒண்ணு கொண்டாங்க. சுவர் உங்களுக்கு. இல்லன்னா அப்பாவோட பூனை."

எங்கள் நூலகச் சுவரில் ஒரு பூனை கொட்டாவி விடுவதை நான் பார்த்துக்கொண்டு இருப்பதா? அன்றைக்கே தொப்பியைப் போட்டுக்கொண்டு, மூன்றுகால் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தானே வந்து நிற்பார்கள்? முதலில் தையல்காரரிடம் போனேன். அவர் வாயில் குண்டூசிகளோடு ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல இந்தத் தெருவை எடுக்கிறேன். தயாரா இருங்க" என்றேன்.

நிலம் அளக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் என் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். "தெருவையா?"

"பூங்காவோட சேர்த்து."

"என் கடை?"

"உங்க கடை இல்லாமலா? முன்பக்கம் முழுசா எடுத்துருவேன். உள்ள கை வைக்க மாட்டேன்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"நூலகத்துல கேட்டாங்க. ஒரு சுவர் நீளத்துக்கு வேணுமாம்."

"அதுக்குப் பூங்கா எதுக்குங்க? அவ்வளவு பெரிய மரம் நிக்குதே!"

"மரம் அடங்காதுதான். மேல கொஞ்சம் வெட்டிக்கலாம்."

அவர் முகம் வெளுத்தது. படத்தில் விழப்போகும் சந்தோஷம் சிலருக்கு அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. எங்கள் தெருவில் செய்திக்குக் கால் அதிகம்.

மறுநாள் காலையில் தெருவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நடைபாதைக்கு வந்திருந்த பூந்தொட்டிகள் எல்லாம் உள்ளே போயிருந்தன. தையல் கடையின் பெயர்ப்பலகை இறங்கியிருந்தது. மூலைவீட்டுக்காரர் தன் வீட்டையே ஒரு முழம் பின்னால் நகர்த்தியிருந்தார். அதற்கு நான் சத்தியம் செய்வேன். ஒரு ஆள் இல்லை. சுவர் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

பூங்காவுக்குள் நுழைந்தால், மொத்தக் குடியிருப்பும் அங்கே! பெரிய மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். முன்வரிசையில் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு. பக்கத்தில் பல் டாக்டரம்மா, வெள்ளைக் கோட்டோடு. நான் ஸ்டாண்டை விரித்ததும் ஒரே கூச்சல்.

"எடுக்காதே! எடுக்காதே!"

கூச்ச சுபாவம், பாவம். "வெட்கப்படாதீங்க, ஒரு நிமிஷம்தான், வலிக்காது" என்றேன். கூச்சல் இரட்டிப்பானது.

"பெரியவரே!" என்றார் டாக்டரம்மா. "எங்க பிணத்து மேல ஏறித்தான் இதை எடுக்கணும்!"

"அவ்வளவு உயரம் வேண்டாம்மா. இங்கேருந்தே நல்லா விழுது."

அழுத்தினேன். 'க்ளிக்' என்றது. பூங்கா கப்சிப்.

"என்னய்யா சத்தம் அது?" என்றார் தையல்காரர்.

"எடுத்துட்டேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மரம் நின்றது. பெஞ்ச் இருந்தது.

"எதை எடுத்தீங்க?"

"பூங்காவைத்தான். வேற எதை?"

தையல்காரர் மெல்ல வந்து கேமராவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே அவரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அட கடவுளே! போட்டோவா? படம் எடுக்கறேன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? நான் ராத்திரி முழுக்கத் தூங்கலய்யா!"

"அதான் கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுப்பா விழுந்திருக்கு" என்றேன்.

சிரிப்பு மரத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தது. டாக்டரம்மா கோட்டை நீவிவிட்டு, "நான் ரொம்பக் கோபமா விழுந்திருப்பேன். இன்னொண்ணு எடுங்க" என்றார். எடுத்தேன். எல்லாரும் வரிசையாகப் பல்லைக் காட்டினார்கள். பல் மருத்துவமனை விளம்பரத்துக்கு ஆகும். வேறு எதற்கும் ஆகாது. முதல் படத்தையே மருமகளிடம் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்தாள்.

சனிக்கிழமை சம்பந்தி வந்து படத்தின் முன் நின்றார்.

"எல்லாரும் எதுக்கு சம்பந்தி இப்படிக் கத்தறாங்க?"

"நான் எடுக்கறேன்னு கேள்விப்பட்டு வந்த கூட்டம்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இப்போதெல்லாம் தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு நூலகத்துக்கு வந்துவிடுகிறார். புதிதாகக் குடிவந்தவர்களைப் படத்தின் முன் நிறுத்தி, பூங்காவைத் தானும் டாக்டரம்மாவும் தடுத்துக் காப்பாற்றிய வரலாற்றைச் சொல்கிறார். வாரத்துக்கு வாரம் எதிரியின் உயரம் கூடுகிறது. போன வாரம் என்னிடம் ஒரு புல்டோசர் இருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறார்.